ஓ-கோஷி பழகிய அனுபவம்

நாற்பது வயதைக் கடந்தபின் ஜூடோ வகுப்பில் சேர்ந்த எனக்கு, தொடக்க மாதங்கள் விழக் கற்றுக்கொள்வதிலேயே கழிந்தன. முகவாயை நெஞ்சோடு ஒட்டிவைத்து, தரையைக் கையால் ஓங்கி அறைந்து விழும் உகெமி கைவரும்வரை எங்கள் மாஸ்டர் யாரையும் எறியவும் விடமாட்டார், எறியப்படவும் விடமாட்டார். அந்தக் கண்டிப்பின் அருமை, ஓ-கோஷி என்னும் இடுப்பு எறிதலைப் பழகத் தொடங்கியபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

1882இல் டோக்கியோவில் ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவின் கோடோகன் பள்ளி, எறிதல்களை ஐந்து தொகுதிகளாக வகுத்திருக்கிறது. முதல் தொகுதியிலேயே ஓ-கோஷி வருவதால் அதை எளிது என்று எண்ணிவிடக் கூடாது. இடக்கையால் எதிரே நிற்பவரின் வலது சட்டைக்கையை இழுத்தபடி, வலப்பாதத்தை அவருடைய வலப்பாதத்தின் முன்னே வைத்துத் திரும்பி, இடக்காலையும் உள்ளே கொண்டுவந்து, வலக்கையை அவரது அக்குளுக்கடியில் நுழைத்து முதுகைச் சேர்த்தணைக்க வேண்டும். இவ்வளவும் ஒரே அசைவாக நடக்க வேண்டும். நடந்து முடியும்போது நம் பெல்ட் அவருடைய பெல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

எனக்கு இணையாக வாய்த்த கல்லூரி மாணவி என்னைவிட உயரம் குறைந்தவர். குள்ளமானவரை இடுப்பில் ஏற்றுவது சுலபம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவருடைய இடுப்புக்கும் கீழே இறங்க முழங்கால்களை நன்றாக மடக்கியாக வேண்டும். "அக்கா, இன்னும் இறங்குங்க, குனியாதீங்க" என்று அவர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்வார். முதுகை வளைத்துக் குனிந்தால் பாரம் முழுவதும் இடுப்பெலும்பில் நிற்காமல் முதுகுத்தண்டில் இறங்கிவிடும். ஆகவே எறியாமல் நுழைந்து நுழைந்து வெளியேறும் உச்சிகோமிப் பயிற்சியைத்தான் வாரக்கணக்கில் செய்தோம்.

பிடிபடாமல் இருந்த ஒன்று, எறியப்பட்டபோது பிடிபட்டது. பழுப்புப் பெல்ட் அணிந்த மூத்த மாணவர் ஒருவர் என்னை எறிந்தார். அவருடைய இடுப்பு என்மேல் படுவதற்கு முன்பே என் குதிகால்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன. சட்டைக்கையைப் பிடித்த கை என்னை அதற்குள் முன்னால் சாய்த்துவிட்டிருந்தது. கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல் அந்தக் கையை உயர்த்தித் திருப்பச் சொல்லி மாஸ்டர் ஏன் ஓயாமல் வற்புறுத்தினார் என்பது அப்போது உடம்புக்கே புரிந்தது. என்னைக் கேட்டால், இடுப்பு எறிதலில் பாதிக்கு மேல் அந்த இழுப்புதான்.

அதன்பின் ஒருநாள் அந்த மாணவி என் இடுப்பின் மேலாகப் பாரமே தெரியாமல் சுழன்று விழுந்தார். டடாமி என்னும் பயிற்சி விரிப்பில் அவர் கை அறைந்த சத்தம் கூடம் முழுவதும் கேட்டது. விழும்போது அவருடைய சட்டைக்கையை விடாமல் மேலே பிடித்திருந்தேன். தலை தரையில் மோதாமல் காப்பது எறிபவரின் கடமை.

இப்போது அந்த மாணவி என் நுழைவை முன்கூட்டியே உணர்ந்து, என் இடுப்பைச் சுற்றித் தாண்டி நின்றுவிடுகிறார். கானோவின் இடுப்பு எறிதலை அவருடைய மாணவர் ஷிரோ சைகோவும் இப்படித்தான் தாண்டித் தப்புவாராம். அவ்வாறு தாண்டும் காலை வாரிவிடுவதற்கென்றே கானோ ஹராய்-கோஷி என்னும் எறிதலை உருவாக்கினார் என்பார்கள். அதைத்தான் மாஸ்டர் எங்களுக்கு அடுத்ததாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்.