பச்சைக் கச்சை: 1,997 வரிகள் முடிந்தன

மூன்றாம் பகுதியைப் போன வாரம் முடித்தேன். ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ காவியம் மொத்தம் 2,530 வரி. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம், நாளுக்கு ஐந்தாறு வரி என்று தமிழாக்கத் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வடமேற்கு மிட்லண்ட்ஸ் பேச்சில் எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் தெரியாது. கிடைத்திருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. அது இருந்த நூலகம் 1731இல் தீப்பிடித்தபோதும் தப்பிப் பிழைத்தது.

முதலில் என்னை இழுத்தது மோனைதான். ஒவ்வொரு நீண்ட வரியிலும் அழுத்தம் விழும் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கும். எந்த உயிரெழுத்தும் எந்த உயிரோடும் மோனையாகும். நம் மோனையில் உயிருக்கு அவ்வளவு தாராளம் இல்லை. ஆனால் ச-வுக்குத் த, ம-வுக்கு வ என்று இன எழுத்துகள் கைகொடுத்தன. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஈரசை அளவில் ஒரு குட்டி வரி, பிறகு நான்கு சிறு வரிகள் வரும். அந்தக் குட்டி வரியை வெண்பாவின் தனிச்சொல் போல நிறுத்திப் பார்த்தேன், பொருந்தியது.

கதை தெரியாதவர்களுக்காக: ஆர்தர் மன்னனின் அவைக்குப் பச்சை நிற வீரன் ஒருவன் வந்து, “என்னை ஒரு வெட்டு வெட்டு, ஓராண்டு கழித்து நான் உன்னை வெட்டுவேன்” என்கிறான். அந்த அவையின் வீரனான கவெய்ன் அவன் தலையைத் துண்டிக்கிறான். அவனோ தலையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். சொன்ன சொல்லுக்காகக் கவெய்ன் ஆண்டு முடியும் முன்பே அவனைத் தேடிப் புறப்படுகிறான். அவன் கேடயத்தில் ஐந்துமுனை நட்சத்திரம். எங்கும் அறுபடாத முடிச்சு அது. ஒரு கோடு விலகினால் முழு உருவமும் கலையும். ஐம்புலன், ஐந்து விரல், கிறிஸ்துவின் ஐந்து காயம், மரியாளின் ஐந்து மகிழ்ச்சி, ஐந்து நற்குணம் என எல்லாம் அதில் கோக்கப்பட்டிருக்கின்றன. அந்த நாற்பது சொச்சம் வரிகளுக்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கடினம் ‘ட்ரௌத்’ என்ற சொல்லில். ‘வாய்மை’ என்று எழுதிவிட்டு அடித்தேன். குறள் சொல்லும் வாய்மை தீமையில்லாத சொல். இங்கே கவிஞர் கேட்பது கொடுத்த சொல்லில் நிற்பது. இப்போதைக்குச் ‘சொல்லுறுதி’ என்று வைத்திருக்கிறேன்.

சரி, மூன்றாம் பகுதிக்கு வருகிறேன். வழியில் கவெய்ன் ஒரு கோட்டையில் தங்குகிறான். பகலில் கிடைப்பதை மாலையில் மாற்றிக்கொள்வது என்று கோட்டைத் தலைவனோடு ஒப்பந்தம். தலைவனுக்கு வேட்டையில் மான், காட்டுப்பன்றி, நரி கிடைக்கின்றன. கவெய்னுக்கு அவன் மனைவி தரும் முத்தங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. கூடவே மூன்றாம் நாள் அவள் ஒரு பச்சைப் பட்டுக் கச்சை தருகிறாள். அதற்கு முன் அவள் நீட்டிய பொன் மோதிரத்தை அவன் மறுத்துவிட்டான். கச்சையைக் கட்டியிருப்பவனை யாராலும் கொல்ல முடியாது என்றதும் வாங்கிக்கொள்கிறான். “என் கணவரிடம் சொல்லாதே” என்கிறாள், அதற்கும் சம்மதிக்கிறான். ஒரு சொல்லைக் காத்தால் மற்றொன்று உடையும் இடம் அது.

இங்கேதான் என் பிரதியில் பெரிய தவறு நடந்திருந்தது. முதல் இரண்டு மாலையும் தலைவன் வேட்டையை முதலில் கொடுப்பான், பிறகு கவெய்ன் முத்தம் தருவான். அதே அச்சில் மூன்றாம் மாலையையும் எழுதிவிட்டேன். மூலத்தோடு சரிபார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: மூன்றாம் நாள் கவெய்ன் முந்திக்கொள்கிறான். “இன்று நானே முதலில் தருகிறேன்” என்று அவசரமாக மூன்று முத்தங்களையும் கொடுத்து முடித்துவிடுகிறான். கச்சையைப் பற்றிப் பேச்சே இல்லை. கவிஞர் ‘மறைத்தான்’ என்று அங்கே குற்றம் சாட்டவில்லை. வரிசையை மட்டும் மாற்றி வைக்கிறார். ஏற்கெனவே ஐந்து முறையாவது வாசித்திருப்பேன். மொழிபெயர்க்க உட்கார்ந்த பிறகுதான் அந்த அவசரம் எனக்குக் கேட்டது. பதினெட்டு வரிகளைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

இன்னொரு முடிச்சு அவிழவில்லை. கச்சையை வாங்கிய கையோடு அவன் பாதிரியாரிடம் போய்ப் பாவமன்னிப்புப் பெறுகிறான், முழுத் தூய்மையோடு வெளியே வருகிறான் என்கிறது பாடல். கச்சையைச் சொன்னானா? அதைப் பாடல் சொல்லவில்லை. நானும் எதையும் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். அவன் அப்போது அதைக் குற்றமாகவே நினைக்கவில்லை என்பது என் எண்ணம். உயிர் பிழைக்க நினைப்பவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

இனி நான்காம் பகுதி. கோடாரி இரண்டு முறை ஓங்கி நிற்கும், மூன்றாவது முறை கழுத்தில் கீறும். பச்சை வீரன் அந்தக் கோட்டைத் தலைவனேதான். “கொஞ்சம் குறைந்துவிட்டாய், உயிர்மேல் ஆசைப்பட்டதால்தானே, உன்மேல் பெரிய பழி இல்லை” என்ற பொருள்படப் பேசுவான். கவெய்னோ கோழைத்தனத்தையும் பேராசையையும் சபித்துக் கச்சையைக் கழற்றி எறிவான். பிறகு அதையே தன் குற்றத்தின் அடையாளமாகத் தோளில் குறுக்கே கட்டி ஊர் திரும்புவான். பெண் இடையிலும் வீரன் உடம்பிலும் பொருந்தும் சொல் வேண்டும் என்றுதான் ஆரம்பத்திலேயே ‘கச்சை’யைத் தேர்ந்தேன்.

அவன் வெட்கத்தோடு காட்டுவதைப் பார்த்து ஆர்தர் அவை உரக்கச் சிரிக்கும். எல்லாரும் ஆளுக்கொரு பச்சைப் பட்டி கட்டிக்கொள்வார்கள். அந்தச் சிரிப்புக்கு மூன்று வடிவம் எழுதிப் பார்த்தேன். ஒன்று அவனைத் தேற்றுகிறது, ஒன்று அவன் வலியைப் புரிந்துகொள்ளாமல் போகிறது. மூன்றாவதில் இரண்டும் கேட்கிறது, ஆனால் மோனை உடைகிறது. நாளைக் காலை 1,998ஆம் வரி: புத்தாண்டு நெருங்கும் இரவு, பனி, கவெய்னுக்குத் தூக்கம் வராத படுக்கை.