ஒன்றில் போய் மூன்றில் வந்த பிள்ளைகள்

கொரோனாவையும் படிப்பையும் சேர்த்துப் பேசினால் பத்தாம் வகுப்பு ஆல் பாஸ், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு மனதில் நிற்பது வேறு பிள்ளைகள். 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது அவர்கள் ஒன்றாம் வகுப்பு. 2021 நவம்பர் 1ஆம் தேதி திறந்தபோது மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு என்ற ஒன்று அவர்களுக்கு நடக்கவே இல்லை. பதிவேட்டில் தேர்ச்சி மட்டும் ஏறியிருந்தது.

எங்களுடையது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. பெற்றோர் பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வருபவர்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது உண்மைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்து பிடிபட, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவோம். போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். ராத்திரி வரும் நோட்டுப் படத்தில் இருப்பது அக்காவின் கையெழுத்து. சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த அரிசி, பருப்பை வாங்க அம்மாக்கள் வரும்போது கூட வந்தால்தான் பிள்ளைகளை நேரில் பார்ப்போம்.

திறந்த பிறகு ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னேன். ஒரு பெண் பிள்ளை 'கொக்கு' என்ற சொல்லில் விரலை வைத்தாள். கொம்பைத் தாண்டிப் போய் 'க' என்றாள். அடுத்திருந்த துணைக்காலைப் பார்த்து 'ர' என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளுக்கு நாங்கள் வந்த நேரத்தில்தான் பள்ளி மூடியது. அவள் சரியாக அங்கேயே நின்றிருந்தாள். இன்னொரு பையன் முழுப் பாட்டையும் தங்கு தடையில்லாமல் ஒப்பித்தான். நடுவில் ஒரு வரியைக் காட்டி இது என்ன என்று கேட்டால், முதல் வரியிலிருந்து மறுபடி பாடிக்கொண்டு வந்தான்.

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுத்திலிருந்தே ஆரம்பித்தேன். அந்த அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி எங்கள் ஊருக்கும் வந்தது. டிகிரி முடித்து வீட்டிலிருந்த ஒரு பெண் சாயங்காலம் தெருவிலேயே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். என்னிடம் வாய் திறக்காத பிள்ளைகூட அந்த அக்காவிடம் சத்தமாக வாசித்தது. எனக்கு அது பெரிய பலம்.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை. எங்கள் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆனால் அது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். இவர்கள் அந்த ஜூனில்தான் நான்காம் வகுப்புக்குப் போனார்கள். அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் அதை நீட்டியபோது இவர்கள் ஐந்தில் இருந்தார்கள். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வகுப்பைக் கணக்கு வைக்காமல், 2019இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களோடு அது கூடவே போயிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். ஒரு வருஷம் அந்த வயதில் சின்ன விஷயம் இல்லை.

"இந்த பேட்ச் கொஞ்சம் மந்தம் சார்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மந்தம் எங்கே இருக்கிறது? நடத்தாத பாடம் தெரியவில்லை, அவ்வளவுதான். கூட்டலில் நாணயத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் டக்கென்று பிடித்துக்கொண்ட பிள்ளைகள் இவர்கள். கடைக்குப் போய் மீதிச் சில்லறை எண்ணி வாங்கிப் பழகியிருந்தார்கள்.

2024இல் அவர்கள் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போனார்கள். மாற்றுச் சான்றிதழில் யாருக்கு எது வரவில்லை என்று எழுத இடம் கிடையாது. அதனால் ஒரு தாளில் பெயர் பெயராக எழுதி, யாருக்குக் கூட்டெழுத்து தடுமாறும், யாருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வராது என்று குறித்து, ஆறாம் வகுப்பு டீச்சரிடம் நேரில் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஜூன் மாசம் முழுக்க இதையே பார்த்துடறேன் சார்" என்றார்.