மாவும் ஹெக்டேரும்: ஒரு வேளாண் பட்டய மாணவியின் சம்பா நாட்குறிப்பு

ஆகஸ்ட் 20

இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்பின் கடைசிக் கட்டமான கிராமத் தங்கல் பயிற்சி இன்று தொடங்கியது. இதை முடித்தால்தான் உதவி வேளாண்மை அலுவலர் பணிக்குரிய தகுதி முழுமையாகும். எனக்கு ஒதுக்கப்பட்டவர் தஞ்சை டெல்டாவில் நான்கு மா (ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் சம்பா நெல் பயிரிடும் ஒரு பெரியவர். இந்தப் பருவத்துக்கு அவர் எடுத்து வைத்திருப்பது சி.ஆர். 1009, இங்கே அதைப் ‘பொன்மணி’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

முதல் வேலை விதை தேர்வு. பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல் உப்பைக் கரைத்து, அதில் ஒரு முட்டையை இட்டால், அது 25 காசு அகலத்துக்கு வெளியே தெரியும்படி மிதக்க வேண்டும் என்பது பாடம். அந்தக் கரைசலில் மிதக்கும் பொக்கு விதைகளை அரித்து எடுத்துவிட்டு, மூழ்கியவற்றை உப்பு போக இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவி, நாற்றங்காலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து காசு 2011இலேயே செல்லாததாகிவிட்டது. நான் அதைக் கையில் வைத்திருந்ததே இல்லை. பெரியவர் சாமி மாடத்து உண்டியலைக் கவிழ்த்து ஒன்றைத் தேடியெடுத்து, “இதுதான் பாப்பா ஒங்க புத்தகத்துக் காசு” என்று என்னிடம் கொடுத்தார். அதை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27

நடவு வயலில் மண் மாதிரி எடுத்தேன். மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் விலக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் இரு சரிவுகளிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்ட வேண்டும். வரப்போரம், வாய்க்கால் ஓரம், மர நிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வளைந்து வளைந்து நடந்து பன்னிரண்டு இடங்களில் எடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, மீண்டும் கலந்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைத்துக்கொண்டே வந்தேன்.

துணிப்பையைக் கட்டும்போதுதான், வடகிழக்கு மூலையில் கோடையில் பத்து நாள் ஆட்டுக் கிடை (எருவுக்காக ஆடுகளை வயலில் அடைத்து வைப்பது) போட்டிருந்ததாகப் பெரியவர் சொன்னார். என் பன்னிரண்டு குழிகளில் இரண்டு அந்த மூலையில் இருந்தன. புழுக்கை தின்ற மண்ணும் தின்னாத மண்ணும் ஒன்றாகிவிட்டால் ஆய்வகம் சொல்லும் எண் வயலின் எந்தப் பகுதிக்கும் பொருந்தாது. பையை அங்கேயே கொட்டிவிட்டு, மூலையை விலக்கி, வெயிலில் மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன். மாதிரி எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவற்றில் ‘கிடை போட்டீர்களா’ என்ற கேள்வியை இன்று சேர்த்துக்கொண்டேன். என் பாடக் குறிப்பில் அது இல்லை.

செப்டம்பர் 8

ஆய்வகத்தில் ஒரு நாள். கார அமில நிலை, மின் கடத்தும் திறன் ஆகிய இரண்டையும் நானே அளந்தேன். தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) காரப் பெர்மாங்கனேட் முறை, மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) ஓல்சன் முறை, சாம்பல் சத்துக்கு (பொட்டாசியம்) சுடர் ஒளிமானி என்று வரிசையாகப் பார்த்தேன். எங்கள் மண்ணில் தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே, அதாவது ‘குறைவு’; மணிச்சத்தும் சாம்பல் சத்தும் ‘நடுத்தரம்’.

செப்டம்பர் 22

இன்றைய கணக்கை விரிவாக எழுதி வைக்கிறேன், ஏனெனில் இதில்தான் நான் தவறினேன். டெல்டா நெல்லுக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 150, 50, 50 கிலோ. இரண்டரையால் வகுத்தால் ஏக்கருக்கு 60, 20, 20. பெரியவருக்கோ ஹெக்டேரும் இல்லை, ஏக்கரும் இல்லை. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. எனவே அவர் கேட்பது மாவுக்கு எவ்வளவு என்பதுதான்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் ஏக்கருக்கு 130 கிலோ யூரியா என்று எழுதிவிட்டேன். மணிச்சத்துக்காக இடும் 43.5 கிலோ டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்திலேயே 18 சதவீதத் தழைச்சத்து, ஏறத்தாழ 8 கிலோ, இருப்பதைக் கழிக்கவில்லை. கழித்தால் வேண்டியது 113.4 கிலோ மட்டுமே. வேறுபாடு ஏக்கருக்கு 17 கிலோ. நான்கு மாவுக்கு 22 கிலோவுக்கு மேல், 45 கிலோ மூட்டையில் பாதி. எங்களை மேற்பார்வையிடும் சார் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, அந்த அரை மூட்டை பணத்தோடு நிற்காது, இலைச்சுருட்டுப் புழுவையும் புகையான் பூச்சியையும் கூப்பிட்டு வந்துவிடும் என்று மட்டும் சொன்னார்.

திருத்திய கணக்கின்படி, நட்ட பிறகு தவணையாக இடும் ஒவ்வொரு மேலுரத்துக்கும் மாவுக்கு 11 கிலோ யூரியா. அதைச் சொன்னதும் பெரியவர், “கிலோ எங்க இருக்கு வயல்ல?” என்று கேட்டார். அவர் யூரியா அள்ளுவது அன்னக்கூடையில். கடைத்தெருத் தராசுக்கு அதைக் கொண்டுபோய் வெறும் கூடையையும், தலை தட்டி நிரப்பிய கூடையையும் நிறுத்துப் பார்த்து, மாவுக்கு எத்தனை கூடை என்று மோட்டார் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் எழுதினேன்.

அக்டோபர் 9

நடவு முடிந்து பதினான்காம் நாள். இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறியும் இலை வண்ண அட்டையின் முதல் அளவீடு. காலை எட்டு மணி முதல் பத்து மணிக்குள், வெயில் இலையில் படாதபடி என் நிழலிலேயே அட்டையை மறைத்து, நன்கு விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை நிறத்தோடு பொருத்திப் பத்துக் குத்துகளில் (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்துகளில்) பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு எல்லை எண் 3, மற்ற இரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலைகள் எல்லைக்குக் கீழே இருந்தால் மேலுரம் இட வேண்டும். எனக்கு மூன்று இலைகள்தான் கீழே இருந்தன.

பக்கத்து வயலில் நேற்றே யூரியா வீசிவிட்டார்கள் என்பதால் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க விரும்பவில்லை. நான் அட்டையைக் காட்டிப் பேசினேன். அவர் அட்டையைவிடப் பக்கத்து வயலைத்தான் அதிகம் பார்த்தார். கடைசியில் மூன்று மாவில் இட்டுவிட்டு, “இது ஒன் பங்கு” என்று வாய்க்காலோர மாவை மட்டும் விட்டு வைத்தார். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மா கிடைத்தது.

அக்டோபர் 16

என் மாவில் இன்று ஏழு இலைகள் எல்லைக்குக் கீழே. மாலையே 11 கிலோ இட்டோம். கூடைக் கணக்கு சரியாக வந்தது.

அக்டோபர் 26

குருத்துப்பூச்சி. நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும் தூர்களை (குத்தில் வெடிக்கும் கிளைத் தண்டுகளை) கண்டு, மருந்தடிக்க ஆள் சொல்லிவிடட்டுமா என்று பெரியவர் காலையிலேயே கேட்டார். எண்ணாமல் பதில் சொல்ல முடியாது என்று, நான்கு மாவிலும் பரவலாக இருபது குத்துகளைத் தேர்ந்து எண்ணினேன். மொத்தம் 264 தூர்கள், காய்ந்தவை 19. ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல். பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்துச் செலவு நியாயமாகும் அளவு, பத்து சதவீதம் என்பதால் இப்போது பூச்சிமருந்து தேவையில்லை.

பத்தொன்பது காய்ந்த குருத்தைக் கண்ணால் பார்த்தவரிடம் சதவீதம் சொல்வது எளிதல்ல. டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற முட்டை ஒட்டுண்ணி (குருத்துப்பூச்சியின் முட்டைகளை அழிக்கும் சிறு குளவி) அட்டைகளைக் கட்டலாம் என்று ஒப்புக்கொண்டார். ஹெக்டேருக்கு 5 சிசி என்பது நான்கு மாவுக்கு 2.7 சிசி, அட்டை ஒரு சிசி அளவில் கிடைப்பதால் மூன்று வேண்டும். அவற்றைத் துண்டுகளாக்கி, விடியற்காலையில் இலையின் அடிப்புறத்தில் இணைத்தோம். அந்த வாரம் மருந்து எதுவும் தெளிக்கக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னேன்.

நவம்பர் 2

மீண்டும் இருபது குத்துகள்: 281 தூர்கள், காய்ந்தவை 17, ஆறு சதவீதம். இரண்டாவது தவணை ஒட்டுண்ணி அட்டைகளும் கட்டியாயிற்று. குறைந்ததற்கு ஒட்டுண்ணிதான் காரணமா, புதுத் தூர் வெடித்ததால் விகிதம் இறங்கியதா என்பதை இந்த ஒரு வார எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. பதிவேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

பதிவேட்டில் கையெழுத்திடும்போது சார், ஹெக்டேர் கணக்குக்குப் பக்கத்தில் மா என்று இன்னொரு பத்தி எதற்கு என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அதற்கும் பக்கத்தில் கூடைக் கணக்கையும் எழுதிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, கையெழுத்தை நாளைக்குத் தள்ளிவைத்தார்.