256 பேரில் இல்லாதவர்

ஹூஸ்டனில் போய் இறங்கிய மறுநாளே அக்கா மகன் எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டான். "மாமா, ஞாயித்துக்கிழமை ஸ்டேடியத்துல பந்தைப் பார்க்காதீங்க. பந்து எங்க போகுதுன்னு நான் சொல்றேன். நீங்க முன்னால குனிஞ்சு நிக்கிற அஞ்சு பேரை மட்டும் பாருங்க."

அது 2010 டிசம்பர் கடைசி வாரம். அக்காவும் அத்தானும் நகரத்துக்குத் தெற்கே பேர்லாண்டில் இருக்கிறார்கள். அம்மா கொடுத்துவிட்ட முறுக்கையும் அதிரசத்தையும் பெட்டியிலிருந்து எடுப்பதற்குள், ஜனவரி 2-ஆம் தேதி ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட் வாங்கி வைத்திருப்பதாக அத்தான் சொன்னார். அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளான ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்கும் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கும் அந்த சீஸனின் கடைசி ஆட்டம். பதினைந்து ஆட்டங்களில் பத்தில் தோற்ற அணி டெக்ஸன்ஸ். அடுத்த சுற்றான பிளேஆஃபுக்குப் போகும் கனவு எப்போதோ முடிந்துவிட்டது. அப்படியொரு ஆட்டத்துக்கு ஒரு வீடே கோயில் கொடைக்குப் புறப்படுவதுபோல் ஏன் தயாராகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மருமகன் அறைக்குள் போனதும் பிடிபட்டது. சுவரில் ஒரே ஒரு படம். அடர்நீலச் சட்டை, 23 என்ற எண், இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பித் தலை குனிந்து நிற்கும் ஒருவர். ஏரியன் ஃபாஸ்டர். பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அது டச் டவுன்; அதை அடித்ததும் இப்படிக் கும்பிடுவது அவருடைய அடையாளம். ஹெல்மெட்டும் தோள்கவசமுமாக ஒரு மனிதர் நம் ஊர் முறையில் கும்பிட்டு நிற்பதைப் பார்த்த நொடியிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பையனுக்குப் பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. பள்ளி அணியில் லைன்மேன். அமெரிக்கன் ஃபுட்பாலில் பெரும்பாலும் பந்தைத் தொடாமலே ஆட்டம் முழுக்க முட்டி மோதுபவர்கள் இவர்கள்தான். ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. பந்தை எறிந்தும் முன்னேறலாம், கையில் இடுக்கிக்கொண்டு ஓடியும் முன்னேறலாம். அப்படி ஓடுபவர்தான் ரன்னிங் பேக். எதிரே பதினொரு பேர் அவரைக் கீழே தள்ளவே நிற்பார்கள்.

புத்தாண்டு அன்று பேர்லாண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். சமதளமான டெக்ஸஸ் நிலத்தில் தூரத்திலிருந்தே கோபுரம் தெரிகிறது. உள்ளே நல்ல கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மருமகன் சன்னதி வந்ததும் கைகூப்பிய விதம், தலையைத் தாழ்த்திய விதம், எல்லாம் சுவரில் பார்த்த அதே படம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நிஜமாகவே நெகிழ்ச்சியாக இருந்தது. இங்கே பிறந்த பிள்ளைக்குக் கும்பிடுவது வீட்டிலிருந்தும் வந்திருக்கிறது, விளையாட்டு மைதானத்திலிருந்தும் வந்திருக்கிறது. எந்த வழியாக வந்தால் என்ன, அவன் அதை மனசோடு செய்தான்.

மறுநாள் காலை 288-ஆம் நெடுஞ்சாலையில் போகும்போதுதான் அத்தான் ஃபாஸ்டரின் கதையைச் சொன்னார். நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கியில் பிறந்தவர், டென்னஸி பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். அங்கே நன்றாகத்தான் ஓடினார். ஆனால் கடைசி வருடம் சரியாக அமையவில்லை, முக்கியமான நேரத்தில் பந்தை நழுவவிடுபவர் என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. ஓடுபவருக்கு இதைவிட மோசமான பேர் கிடையாது. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2009 ஏப்ரலில் நடந்த டிராஃப்டில் 256 பேரின் பெயர்களை வாசித்தார்கள். அதில் ஃபாஸ்டர் பெயர் இல்லை. யாருக்கும் வேண்டாதவராக ஹூஸ்டனுக்கு வந்தார். அந்த சீஸனில் பெரும்பகுதியைப் பயிற்சிக் குழுவிலேயே கழித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆடப்போகிறவர்களுக்கு வாரம் முழுக்க எதிரணி மாதிரி நின்று பழக்கம் கொடுப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. நவம்பரில் முதன்மை அணிக்கு ஏற்றினார்கள். 2010 ஜனவரி 3 அன்று நியூ இங்கிலாந்துக்கு எதிராக 119 யார்டும் இரண்டு டச் டவுனும் எடுத்தார். நாங்கள் போவதற்குச் சரியாக ஒரு வருடத்துக்கு முன்பு, அதே மைதானத்தில்.

அப்போதும் அணி நிர்வாகம் முழுசாக நம்பவில்லை. 2010 டிராஃப்டில் இரண்டாம் சுற்றிலேயே பென் டேட் என்ற இன்னொரு ஓட்டக்காரரை எடுத்தார்கள். அவர் சீஸனுக்கு முந்தைய ஆட்டத்திலேயே கணுக்காலில் அடிபட்டு விழுந்துவிட, வாசல் திறந்தது. ஒருவருடைய வலிதான் இன்னொருவருக்கு வாய்ப்பு என்பது இந்த விளையாட்டில் என்னை உறுத்தும் விஷயம். அத்தானும் அந்த இடத்தில் கொஞ்சநேரம் பேசாமல் வண்டி ஓட்டினார்.

ஃபேனின் சவுத் நிலையத்தில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறினோம். அடுத்த நிறுத்தமே மைதானம். அப்போது அதன் பெயர் ரிலையன்ட் ஸ்டேடியம், 2014-இல் என்ஆர்ஜி என்று மாற்றினார்கள். பக்கத்திலேயே 1965-இல் திறந்த பழைய ஆஸ்ட்ரோடோம், வேலை ஓய்ந்த பெரியவர் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ஆடிய ஆயிலர்ஸ் என்ற அணி 1996 சீஸன் முடிந்ததும் டென்னஸிக்குப் போய்விட்டது. ஐந்து சீஸன் அணியே இல்லாமல் கிடந்த ஊர் இது. டெக்ஸன்ஸ் 2002-இல்தான் ஆட ஆரம்பித்தது. தோற்றாலும் ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கு அந்தக் காலி வருடங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கார் நிறுத்தும் இடம் முழுக்க அடுப்புகள். மாட்டிறைச்சி பிரிஸ்கெட்டை விறகுப் புகையில் மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். நடந்து போகும் முன்பின் தெரியாதவர்களையும் கூப்பிட்டுத் தட்டு நீட்டுகிறார்கள். எனக்கு ஒருவர் தொத்திறைச்சியை ரொட்டியில் சுருட்டிக் கொடுத்தார். அவர் போட்டிருந்ததும் 23-ஆம் எண்தான். "செப்டம்பர் 12 வந்திருந்தீர்களா?" என்று கேட்டார். நான் முழிக்க, மருமகன் முந்திக்கொண்டு, "நானும் அப்பாவும் வந்திருந்தோம்" என்றான். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 12 என்பது 2010 சீஸனின் முதல் ஆட்டம். எதிரணி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். அதுவரை அவர்களோடு மோதிய 16 ஆட்டங்களில் டெக்ஸன்ஸ் ஜெயித்தது ஒன்றே ஒன்று. அன்று கோல்ட்ஸின் பேட்டன் மேனிங் 433 யார்டு பந்தெறிந்தார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அது ஜெயிக்கும் கணக்கு. ஆனால் ஃபாஸ்டர் 33 முறை பந்தை வாங்கி ஓடி 231 யார்டு எடுத்தார், மூன்று டச் டவுன். 34-24 என்று ஹூஸ்டன் ஜெயித்தது. சீஸனின் முதல் ஆட்டத்தில் அதைவிட அதிகமாக ஓடியவர் 1973-இல் 250 யார்டு எடுத்த ஓ.ஜே. சிம்ப்சன் மட்டுமே. காலையில் பெரும்பாலானோருக்குப் பெயரே தெரியாத ஒருவர், மாலைக்குள் நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டார்.

அப்புறம் வந்த மாதங்கள் எல்லாம் இனிப்பு இல்லை. அக்டோபரில் ஓக்லண்டில் நடந்த ஆட்டத்தில், அணிக் கூட்டத்துக்கு வராததற்காக அவரை முதல் கால் பகுதி வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே வந்தபின் 131 யார்டு, அதில் ஒரே ஓட்டத்தில் 74. நவம்பரில் இதே ஜாக்சன்வில் அணி கடைசி நொடியில் வானத்தை நோக்கி எறிந்த பந்தை ஹூஸ்டன் வீரர் ஒருவர் தட்டிவிட, அது எதிரணிக்காரர் கையிலேயே போய் விழுந்து ஆட்டம் பறிபோனது. அதைச் சொல்லும்போது மருமகன் குரல் இன்னும் கம்மியது. இத்தனை தோல்விக்கு நடுவில் வாராவாரம் எழுந்து ஓடியவர் என்பதால்தான் எனக்கு அந்த சீஸன் பெரிதாகப் படுகிறது. ஜெயிக்கும் அணியில் இருந்திருந்தால் அந்த ஓட்டங்களுக்கு வேறு துணை இருந்திருக்கும்.

சரி, ஆட்டம். எங்கள் இருக்கை ஒரு மூலையில், நல்ல உயரத்தில். கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேருக்கு இடமுள்ள மைதானம். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு கும்பல் இன்னொரு கும்பலோடு முட்டிச் சரிந்தது, அவ்வளவுதான். "பந்தைப் பார்க்காதீங்க மாமா" என்று தொடையில் தட்டினான். ஐந்து பேரைப் பார்த்தேன். மூன்றாவது, நான்காவது முறை கண் பழகியது.

ஐந்து பேரும் நேராக முன்னால் முட்டுவதில்லை. ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக, கோலாட்டத்தில் கால் மாற்றுவதுபோல் நகர்கிறார்கள். இவனுக்கு அவன் என்று ஆள் பிரித்துக்கொள்வதில்லை, தனக்கு நேரே வரும் இடத்தை மறிக்கிறார்கள். இதற்கு ஸோன் பிளாக்கிங் என்று பெயர். பயிற்சியாளர் கேரி குபியாக் டென்வரில் இருந்தபோது அங்கே வேரூன்றிய முறை இது. அங்கேதான் 1995 டிராஃப்டில் 196-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஓட்டக்காரர் டெரல் டேவிஸ் வளர்ந்து, 1998-இல் 2,008 யார்டு ஓடினார். அந்த முறையின் ஆசான் அலெக்ஸ் கிப்ஸ் 2008-இலும் 2009-இலும் ஹூஸ்டனிலேயே இருந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போனவர்.

எதிரணியும் சேர்ந்து பக்கவாட்டில் நகரும்போது, எங்கோ ஓர் இடத்தில் வரிசை கிழிகிறது. எந்த இடம் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஃபாஸ்டர் அந்த வரிசைக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், தெருவில் யாரையோ தேடிக்கொண்டு நடப்பவர்போல் வருகிறார். கிழிசல் தெரிந்ததும் ஒரே ஒரு காலை ஊன்றித் திரும்புகிறார். இரண்டாவது திருப்பம் கிடையாது. அதுவரை மெதுவாக வந்தவரா இவர் என்று நமக்குத் தோன்றுவதற்குள் ஐந்து யார்டு தாண்டிவிடுகிறார். ஆறடிக்கு மேல் உயரமானவர், ஆனாலும் ஓட்டத்தில் கனம் தெரியவில்லை. மற்றவர்கள் ஓட்டத்தைக் கால் தீர்மானிக்கிறது, இவர் ஓட்டத்தைக் கண் தீர்மானிக்கிறது என்று அன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அவருக்கு முன்னால் சில நேரம் 44-ஆம் எண்ணில் ஒருவர் ஓடுவார். ஃபுல்பேக் வான்டா லீச். குறுக்கே வருபவனை நெஞ்சால் மோதித் தள்ளிவிட்டுத் தானும் கீழே கிடப்பார், ஃபாஸ்டர் அவரைத் தாண்டிப் போவார். கூட்டம் ஃபாஸ்டரைப் பார்த்துக் கத்தும்போது மருமகன் மட்டும், "லீச்! லீச்!" என்று கத்தினான். எல்லா அணிகளிலிருந்தும் அந்த வருடத்தின் மிகச் சிறந்தவர்களைப் பொறுக்கும் ஆல்-ப்ரோ பட்டியலில் ஃபாஸ்டர் மட்டுமல்ல, லீச்சும் இடம் பெற்றார். மூன்றாம் கால் பகுதியிலிருந்து நானும் அவனோடு சேர்ந்து கத்தினேன், மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது.

அன்று ஃபாஸ்டர் 180 யார்டு, இரண்டு டச் டவுன். 34-17 வெற்றி. சீஸன் மொத்தம் 327 ஓட்டங்களில் 1,616 யார்டு, ஓடி அடித்த டச் டவுன் 16. பந்து பிடித்து எடுத்தது தனியாக 604 யார்டு. அந்த வருடம் ஓட்டத்தில் நாட்டிலேயே முதலிடம், இரண்டாவதாக வந்த ஜமால் சார்ல்ஸ் 1,467. 256 பெயர்களில் இல்லாத மனிதர்.

திரும்பும் ரயிலுக்காக நடைமேடையில் நெரிசலில் நின்றபோது மருமகன் இன்னொரு கணக்குச் சொன்னான். பிரீஸ்ட் ஹோம்ஸ் என்று ஒருவர், அவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2002-இல் அவர் ஓடியது 1,615 யார்டு. ஒரே ஒரு யார்டு வித்தியாசம். "அந்த ஒரு யார்டு எந்த ஓட்டத்துல வந்திருக்கும்னு நினைக்கிறீங்க மாமா?" என்று கேட்டான். அத்தான் ஏதோ சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு, "யாரோ ஒரு லைன்மேன் ஒரு செகண்ட் கூடத் தாங்கிப் பிடிச்சிருப்பாரு" என்றான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை, பின்கட்டுப் புல்தரையில் என் கையில் பந்தைக் கொடுத்தான். தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னான். எதிரே அத்தான், மறிப்பதற்குத் தயாராக. அக்கா வாசற்படியில் காபியோடு உட்கார்ந்திருந்தாள். பையன் குனிந்து, கை விரல்களைத் தரையில் ஊன்றினான்.

"அவசரப்படாதீங்க மாமா. நான் நகர்ற பக்கமே வாங்க. காத்திருங்க..."

அத்தானை முட்டி இடப்பக்கமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போனான். நானும் பின்னாலேயே போனேன். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வலப்பக்கம் இடைவெளி விழுந்தது.

"இப்ப!"