ஒன்பது பேரரசர்களை வழியனுப்பிய இரவு

மலேசியாவின் பட்டர்வொர்த் நகரில், ராஜா ஊடா பகுதியிலுள்ள தோ போ கோங் ஆலயத்தில் நடைபெறும் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழா, நவராத்திரி விரதமிருந்து வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள்கள் கொண்டாடப்படும் இவ்விழா, 2024-இல் நவராத்திரியைப் போலவே அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்கியது.

ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் 'கியூ ஓங் யா' என்று போற்றும் இத்தெய்வங்கள், நாம் சப்தரிஷி மண்டலம் என்றழைக்கும் ஏழு விண்மீன்களும், அவற்றோடு சேர்த்து வணங்கப்படும் இரு துணை விண்மீன்களும் ஆவர். அவர்களை ஈன்ற அன்னையே ஆலயத்தின் தலைவி. தாவோ சமயத்தின் இத்தாயின் வழிபாடு, இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனம் சென்ற மாரீசி தேவியின் வழிபாட்டோடு கலந்துவிட்டது என்பதை அறிந்த பிறகு, சூரியனையும் சந்திரனையும் ஏந்திய பல கரங்களோடு அவளைக் காணும்போது, கைகள் தாமாகவே குவிகின்றன.

இவ்விழாவின் தோற்றம் பற்றிப் பல கதைகள் உண்டு. தாய்லாந்தின் புக்கெட் தீவில், கத்து என்னும் வெள்ளீயச் சுரங்க ஊருக்கு வந்த சீன நாடகக் குழுவினர் கொடிய காய்ச்சலில் விழுந்து, சைவ விரதமிருந்து இத்தெய்வங்களை வேண்டிக் குணமடைந்தார்கள் என்பது அங்குள்ளோர் சொல்லும் வரலாறு.

விழாவுக்கு முந்தைய மாலையில் தெய்வங்களை நீர்க்கரைக்குச் சென்று எதிர்கொண்டு அழைத்து வருகிறார்கள்; உயர்ந்த கம்பத்தில் ஒன்பது விளக்குகள் ஏறுகின்றன. பக்தர்கள் வெள்ளுடை உடுத்தி, இறைச்சியோடு வெங்காயம், பூண்டையும் விலக்குகிறார்கள். மஞ்சள் கொடி கட்டிய சைவ உணவுக் கடைகள் தெருவெங்கும் முளைத்துவிடுகின்றன.

ஒன்பதாம் இரவில் நடைபெறும் வழியனுப்பு ஊர்வலமே என் மனத்தில் ஆழப் பதிந்தது. தெய்வம் இறங்கியதன் அடையாளமாகப் பல்லக்குகள் வலமும் இடமும் வேகமாக ஆட, தூக்குவோரும் அவற்றோடு இழுபட்டுச் சென்றனர். மஞ்சள் குடையின் கீழ் புனிதத் தூபக்கலசம் வந்தபோது, சாலையோரம் ஊதுபத்தி ஏந்தி நின்றோர் மண்டியிட்டுத் தலை தாழ்த்தினர். கலசம் கடந்து செல்லும்வரை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் ஊர் அம்மன் வீதியுலாவில் நான் கண்டிருக்கும் அதே பயபக்தி.

கடற்கரையில் தெய்வங்களைப் படகேற்றி அனுப்பியதும் விழா நிறைவுறுகிறது. செல்ல விரும்புவோர் சீன நாட்காட்டியைப் பார்த்துப் புறப்படுவது நல்லது. அதில் அதிகமாதம், அதாவது கூடுதலாக ஒரு மாதம், வரும் ஆண்டுகளில் நாள்கள் தள்ளிப்போகும். 2025-இல் நவராத்திரி செப்டம்பரில் தொடங்க, இவ்விழா அக்டோபர் 21-ஆம் தேதிதான் தொடங்கியது.