டெல்லிக்குப் போகச் சொன்ன ஷரத்து

ஒரு ஆன்லைன் பயிற்சி நிறுவனத்துக்கு 38,000 ரூபாய் கட்டினேன். இரண்டே வாரத்தில் வகுப்புகள் நின்றுபோயின. பணத்தைத் திருப்பிக் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: ஒப்பந்தத்தின் 23-வது ஷரத்தைப் பாருங்கள். பார்த்தேன். எந்தத் தகராறானாலும் டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரமாம். ரயில் செலவு, வக்கீல் ஃபீஸ் எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் அந்த ஷரத்தையே எழுதுகிறார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 1986 சட்டத்தில் இந்த வசதி கிடையாது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. மனு எழுதியது ஒரு ராத்திரி வேலை.

ஆணையத்தின் கவுன்டரில் இருந்தவர் ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, “இதுல டெல்லின்னு போட்டிருக்கே சார், அங்க போய்ப் போடுங்க” என்று கட்டை அப்படியே திருப்பித் தந்தார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். அரை நாள் லீவு போச்சு. அப்புறம்தான் 36-வது பிரிவைப் படித்தேன். மனுவை ஏற்பதும் தள்ளுவதும் ஆணையத்தின் வேலை; தள்ளுவதானாலும் நம் தரப்பைக் கேட்காமல் தள்ளக் கூடாது. மறுவாரம் அதே கவுன்டரில் அந்தப் பிரிவைக் காட்டி, “நம்பர் போடுங்க சார், பெஞ்ச் முன்னால நான் சொல்லிக்கிறேன்” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பெஞ்சில் என்னை மாட்டிவிட்டது டெல்லி இல்லை, என் ஆதார். அதில் பழைய முகவரி, வேறு மாவட்டம்! வாடகை ஒப்பந்தமும் அலுவலகக் கடிதமும் கொண்டுவரச் சொல்லி ஒரு வாய்தா. இந்த வழக்கில் நம் பிடியே முகவரிதான்; அந்தத் தாள்களை முதல் நாளே வைத்துவிடுங்கள். ஒப்பந்தத்தையும் பணம் கட்டிய அன்றே இறக்கி வையுங்கள். நான் தேடியபோது அவர்கள் தளத்தில் ஷரத்துகளை மாற்றியிருந்தார்கள். மின்னஞ்சலில் பழைய பிரதி கிடந்ததால் தப்பித்தேன். என்னைப் போல மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டும் இருக்காதீர்கள், கெடு இரண்டு வருடம்தான்.

நோட்டீஸ் போனது. நிறுவனத்தின் பதில் மனுவில் முதல் பத்தியே 23-வது ஷரத்து. சட்டம் தந்த உரிமையை ஒப்பந்தம் எடுத்துவிட முடியாது என்று ஆணையத் தலைவர் அதை ஒதுக்கிவிட்டார். அடுத்த வாய்தா வரும் மாதம். டெல்லியிலிருந்து அவர்கள் வக்கீல் வருகிறாராம்.