காமர்ஸ் படிக்காதவர்கள் கம்பெனிக் கணக்கை வாசிக்க

பி.ஏ. வரலாறோ பி.எஸ்ஸி. விலங்கியலோ முடித்துவிட்டு, தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஊரில் இருந்தபடியே பங்குச்சந்தையைக் கற்றுக்கொள்ளப் பார்க்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, அக்கவுண்ட்ஸ் தெரியாம பேலன்ஸ் ஷீட்ட எப்படிப் படிக்கிறது?" என்பதுதான். பேலன்ஸ் ஷீட் என்பது, ஒரு தேதியில் நிறுவனத்திடம் என்ன சொத்து, என்ன கடன் இருக்கிறது என்று காட்டும் தாள். நான் தாவரவியல் படித்தவன், கணக்குப்பதிவியல் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை. இன்று ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்று என்னால் சொல்ல முடியும். ஜர்னல், லெட்ஜர், டெபிட், கிரெடிட் எல்லாம் கணக்கு எழுதுபவருக்கு வேண்டியவை. வாசிப்பவருக்கு வேண்டியது, லாபம் என்று போட்டிருப்பது பணமாகக் கைக்கு வந்ததா என்று விடாமல் தேடிப் பார்க்கும் பழக்கம்.

ஒரு நல்ல விஷயம், 2013 கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணைப்படி எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே படிவத்தில்தான் கணக்குக் காட்ட வேண்டும், வங்கி, காப்பீடு மாதிரி சில தொழில்கள்தான் விலக்கு. அதனால் ஒரு நிறுவனத்தை ஒழுங்காக வாசித்துவிட்டால் அடுத்ததில் எது எங்கே இருக்கும் என்று கண் தானாகப் போய்விடும். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நோட்டில் ஓரிரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆண்டறிக்கைகள் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. பங்குச்சந்தைகளின் இணையதளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்தவுடன் பக்கத்தின் மேல் மூலையில் தொகை லட்சத்திலா, கோடியிலா, மில்லியனிலா என்று பாருங்கள், பத்து மில்லியன் சேர்ந்தால்தான் ஒரு கோடி. அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருந்தால் அது கழித்தல், அதாவது நட்டம் அல்லது வெளியே போன பணம். பக்கத்துப் பத்தியில் போன ஆண்டின் எண் இருக்கும், இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

எந்த நிறுவனத்தில் தொடங்குவது? கும்பகோணத்துக்காரர்கள் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது சிட்டி யூனியன் வங்கி. 1904-இல் நம் ஊரில் தொடங்கி இன்றும் தலைமை அலுவலகம் அங்கேயே இருக்கும் வங்கி, ஆசை வருவது நியாயம்தான். ஆனாலும் முதல் பாடத்துக்கு வங்கி வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாம் போடும் டெபாசிட் அங்கே கடன் பக்கம் நிற்கும், நாம் வாங்கிய நகைக்கடன் அவர்களுக்குச் சொத்து. சரக்கு, கொள்முதல் என்று எதுவும் இருக்காது, வாராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதில்தான் கதையே இருக்கும். அதை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பழகிய தொழில், கண்ணால் பார்த்த சரக்கு, அப்படி ஒன்றை எடுங்கள். டெல்டாவில் இருப்பவர்களுக்கு உர நிறுவனத்தைவிடப் பொருத்தமான முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போவதற்கு முன் நம் கடைத்தெருவில் இருக்கும் ஒரு உரக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 8 லட்சத்துக்கு ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுத்து, சம்பாவுக்கும் தாளடிக்கும் 10 லட்சத்துக்கு விற்றுவிட்டார். அதில் கையில் வந்தது 3 லட்சம், மீதி 7 லட்சம் அறுவடை முடிந்து தருகிறோம் என்று கடன் நோட்டில் ஏறிவிட்டது. கதிர் வந்த நேரத்தில் மழை பிடித்துப் பயிர் சாய்ந்து, கடன் அடுத்த குறுவைக்குத் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். மார்ச் 31 அன்று கணக்கு முடித்தால் லாப நட்டக் கணக்கு 2 லட்சம் லாபம் என்று சொல்லும், ஏனென்றால் சரக்கு கைமாறியவுடன் விற்பனை ஆகிவிட்டது, பணம் வந்ததா என்று அந்தத் தாள் கேட்பதில்லை. பேலன்ஸ் ஷீட்டில் வரவேண்டிய தொகை என்று அந்த 7 லட்சம் சொத்தாக உட்கார்ந்திருக்கும். பணம் வந்ததையும் போனதையும் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கை மட்டும்தான் 2 லட்சம் லாபத்தில் தொடங்கி, வராத 7 லட்சத்தைக் கழித்து, அடைப்புக்குறிக்குள் 5 லட்சம் என்று முடிக்கும். அந்த 5 லட்சத்தை அவர் எங்காவது கடன் வாங்கித்தான் சமாளித்திருப்பார், அதே அறிக்கையின் கடைசிப் பகுதியில் அந்தக் கடனும் தெரியும். மூன்று தாளும் ஒரே கடையைத்தான் சொல்கின்றன. இந்த ஒரு உதாரணத்தைத் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள், எண்களை மாற்றி மாற்றிப் போடுங்கள், அதற்குப் பிறகு பெரிய நிறுவனத்தின் கணக்கு மிரட்டாது.

இப்போது உர நிறுவனத்துக்கு வருவோம். கடையில் ஆதார் எண் கொடுத்து, கைரேகை வைத்து மூட்டை வாங்குகிறோம் இல்லையா, அந்த விற்பனை இயந்திரத்தில் பதிவான பிறகுதான் மத்திய அரசின் மானியத்தை நிறுவனம் கேட்டுப் பெற முடியும். விவசாயி கொடுப்பது விலையில் ஒரு பகுதி, மற்றதை அரசு கொடுக்கிறது. நிறுவனத்தின் வருவாயைப் பிரித்துக் காட்டும் குறிப்பில் விற்பனை தனி, மானியம் தனி என்று இருக்கும். பேலன்ஸ் ஷீட்டிலோ அதன் குறிப்பிலோ அரசிடமிருந்து வரவேண்டிய மானியம் என்று ஒரு தொகை இருக்கும். அது போன ஆண்டைவிட வேகமாக ஏறியிருந்தால் லாபம் நன்றாக இருந்தும் கையில் பணம் குறைந்திருக்கும், குறுகிய காலக் கடனும் வட்டிச் செலவும் கூடியிருக்கிறதா என்று உடனே போய்ப் பாருங்கள். கணக்குப் படித்தவர்கள் இந்த வரியைக் கடந்துபோகலாம். மூட்டை வாங்கக் கைரேகை வைத்த வீட்டுப் பிள்ளைக்கு அது என்ன என்று தெரியும்.

பாதிப் பேர் தலைவர் உரையை வாசித்துவிட்டு அறிக்கையை மூடிவிடுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வாசிப்பேன். விஷயம் பின்பக்கத்துக் குறிப்புகளில் இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல், வரவேண்டிய தொகை எத்தனை நாளாக நிலுவையில் நிற்கிறது என்று ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், இரண்டாண்டுக்குள், மூன்றாண்டுக்குள், அதற்கும் மேல் என்று பிரித்துக் காட்டியே ஆக வேண்டும். முன்பெல்லாம் இவ்வளவு விவரம் கிடைக்காது. மூன்றாண்டுக்கு மேல் நிற்கும் தொகை ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது என்றால் அது வரப்போகிறதா என்று சந்தேகப்பட வேண்டியதுதான். அப்புறம், உறவுடைய தரப்பினருடன் (நிறுவனத்தை நடத்துபவர்களின் குடும்பம், அவர்களின் மற்ற நிறுவனங்கள்) நடந்த கொடுக்கல் வாங்கல், வழக்கில் இருக்கும் வரி பாக்கி போன்ற நிச்சயமில்லாத பொறுப்புகள், இந்த இரண்டு குறிப்புகளையும் விடாதீர்கள். வழக்கில் கிடக்கும் தொகை பெரும்பாலும் பேலன்ஸ் ஷீட்டின் கூட்டலில் ஏறியிருக்காது, குறிப்பைத் திறந்தால்தான் கண்ணில் படும்.

தேய்மானத்தைப் பற்றிச் சுருக்கமாக. 8 லட்சத்துக்கு வண்டி வாங்கி 8 ஆண்டு ஓட்டலாம் என்று கணக்கு வைத்தால், ஆண்டுக்கு ஒரு லட்சம் செலவாக எழுதுவார்கள், பணம் முதல் நாளே போய்விட்டது. அதனால்தான் கேஷ் ஃப்ளோவில் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டுகிறார்கள். அவ்வளவுதான்.

அந்த நிறுவனத்தை மட்டும் காட்டும் தனிக் கணக்கு, துணை நிறுவனங்களையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கு என்று இரண்டு தொகுப்பு இருக்கும், இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சர்க்கரை நிறுவனமான இ.ஐ.டி. பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தனிக் கணக்கில் பார்த்தால் நெல்லிக்குப்பம் ஆலை முதலான சர்க்கரைத் தொழில் பெரிதாகத் தெரியும். ஒருங்கிணைந்த கணக்கில் அதன் துணை நிறுவனமான கோரமண்டல் இன்டர்நேஷனலின் உர வியாபாரம் முழுவதும் சேர்ந்துவிடுவதால் வருவாய் பல மடங்காகத் தெரியும். ஆனால் கோரமண்டலில் பாரிக்கு இருப்பது பாதிக்குச் சற்று மேலான பங்குதான், மீதி மற்றவர்களுடையது. அதனால் லாபத்தின் கீழே தாய் நிறுவனப் பங்குதாரர்களுக்கு இவ்வளவு, மற்றவர்களுக்கு இவ்வளவு என்று பிரித்திருக்கும் வரி வரைக்கும் இறங்கிப் போய்ப் பாருங்கள், மேலே தெரியும் முழு லாபத்தை வைத்துப் பங்கு விலையைக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

தணிக்கையாளர் அறிக்கை பல பக்கம் போனாலும் முழுக்க வாசியுங்கள், அவர் எதையாவது ஆட்சேபித்திருந்தால் அங்கேதான் இருக்கும். ஆட்சேபணை இல்லை என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் கணக்கில் ரூ.5,361 கோடி ரொக்கமும் வங்கி இருப்பும் இருப்பதாகக் காட்டியிருந்தார்கள், அதில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். அதே கடிதத்தில் சேர்ந்திருக்கும் வட்டி என்று காட்டிய ரூ.376 கோடியும் இல்லாதது என்று இருந்தது. இதனால் நான் எந்த நிறுவனத்திலும் ஒன்றைச் சரிபார்ப்பேன்: வங்கியில் இவ்வளவு இருக்கிறது என்றால் அதற்கேற்ற வட்டி இதர வருமானத்தில் வருகிறதா, அந்த வட்டி கேஷ் ஃப்ளோவில் ரொக்கமாக வந்து சேர்ந்ததா? கையில் இவ்வளவு பணம் இருக்கும்போது ஏன் கடன் வாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். போலியை எல்லாம் இதில் பிடித்துவிடலாம் என்று சொல்லவில்லை, ஆனால் கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

ஒரே வாரத்தில் பத்து நிறுவனங்களை மேய்வதைவிட ஒரே நிறுவனத்தின் பத்து ஆண்டு அறிக்கைகளை வரிசையாக வாசிப்பது எவ்வளவோ மேல். நிகர லாபம், செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் இரண்டையும் பத்தாண்டுக்கும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். நல்ல தொழிலில் இரண்டும் ரொம்ப விலகிப் போகாது. விகிதங்களை இணையதளம் போட்டே கொடுக்கும், முதல் சில நிறுவனங்களுக்காவது நீங்களே போடுங்கள், எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் மனதில் நிற்கும்.

காலாண்டு முடிவுகள் வர ஆரம்பித்ததும் (மார்ச் காலாண்டு தவிர மற்றவை, காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் வந்துவிட வேண்டும்), உர நிறுவனத்தை முந்தைய காலாண்டோடு ஒப்பிடாதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை காரிஃப் எனும் மழைக்காலப் பயிருக்கான விற்பனை ஓடும், ஜனவரி முதல் மார்ச் வரை அந்த அளவு இருக்காது. மேட்டூர் எப்போது திறந்தார்கள், பருவமழை எப்படி என்று தெரிந்த நமக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை, போன ஆண்டின் அதே காலாண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.